தாமஸ் பாயிண்ட் விளக்கைச் சுற்றி: கயாக் மீன்பிடிப்பு பற்றிச் சில குறிப்புகள்

"கயாக்ல மூணு கிலோமீட்டர் துடுப்பு போட்டு, ஒரு விளக்கைச் சுத்திட்டு, ஒரே ஒரு மீனோட வர்றதுக்கு இவ்வளவு ஏற்பாடா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது, எனக்கே பல விஷயங்கள் அரைகுறையாகத்தான் தெரியும் என்று புரிந்தது. அந்த விளக்கு ஏன் கரையில் இல்லாமல் தண்ணீருக்கு நடுவே நிற்கிறது? மீன் ஏன் அங்கே கூடுகிறது? போகும்போது அரை மணி நேரம் எடுத்த அதே தூரம், போன அக்டோபரில் திரும்பி வரும்போது ஏன் இரண்டு மணி நேரம் எடுத்தது? இந்த மூன்று கேள்விக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

கடைசிக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அன்னாபொலிஸ் நகரத்துக்குச் சற்றுத் தெற்கே, சவுத் ரிவர் என்ற ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தின் வடக்குப் பக்கம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நிலம்தான் தாமஸ் பாயிண்ட். அதன் நுனியிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒன்றரை மைல் தள்ளி, விரிகுடாவுக்குள் ஒரு சின்ன வீடு நிற்கும். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, ஆறு பக்கம், இரும்புக் கால்கள், உச்சியில் விளக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு வீட்டைக் கொண்டுவந்து தண்ணீரில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும்.

செசபீக் என்பது உண்மையில் மூழ்கிப்போன ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது சஸ்குவெஹானா ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் கடல் ஏறி வந்தது. அதனால்தான் 200 மைல் நீளம் இருந்தும் சராசரி ஆழம் வெறும் 21 அடி. பழைய ஆறு ஓடிய தடம் மட்டும் ஆழமான வாய்க்காலாக நடுவே கிடக்கிறது. பால்டிமோர் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் அந்த ஆழத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகும். மற்ற இடமெல்லாம் திட்டும் சேறும்.

தாமஸ் பாயிண்ட் நிலமும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற நுனியோடு அது முடிவதில்லை. தண்ணீருக்குக் கீழே திட்டாக ஒரு மைலுக்கு மேல் நீண்டு கிடக்கிறது. இரவில் வரும் பாய்மரக் கப்பலுக்கு இது பெரிய கண்ணி. 1825ல் கரை நுனியிலேயே ஒரு விளக்கு கட்டிப் பார்த்தார்கள். கரை அரித்துக்கொண்டே வந்தது. அது போக, திட்டின் முனை எங்கே என்பதைக் கரையில் இருக்கும் விளக்கால் காட்ட முடியவில்லை. ஆபத்து இருக்கும் இடத்திலேயே விளக்கை வைத்தாக வேண்டும் என்ற முடிவுக்கு 1870களில் வந்தார்கள்.

சேற்றில் திருகிய வீடு

இங்கேதான் பொறியியல் சிக்கல். அடியில் பாறை இல்லை, மெத்தென்ற சேறும் மணலும்தான். கல்லால் கோபுரம் கட்டினால் எடை தாங்காமல் புதையும் அல்லது சாயும்.

இதற்கு விடை ஏற்கெனவே அயர்லாந்திலிருந்து வந்திருந்தது. அலெக்சாண்டர் மிட்செல் என்ற பொறியாளர், இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர், 1833ல் திருகுத் தூண் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் எளிமையானது. இரும்புத் தூணின் அடியில் அகலமான திருகாணித் தகடு இருக்கும். மரத்தில் ஸ்க்ரூ ஏற்றுவது மாதிரி அதைச் சேற்றுக்குள் திருகி இறக்க வேண்டும். தகடு அகலமாக இருப்பதால் எடை பரவலாக இறங்கும், எளிதில் மேலே பிடுங்கிக்கொண்டும் வராது. தூண்கள் ஒல்லியாக இருப்பதால் அலை அவற்றுக்கு இடையே போய்விடும். அமெரிக்காவில் முதல் திருகுத் தூண் விளக்கு 1850ல் டெலவேர் விரிகுடாவில் வந்தது. செசபீக்கின் சேற்றுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்ததால், அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கே வரிசையாகக் கட்டினார்கள். தாமஸ் பாயிண்ட் ஷோல் விளக்கு 1875 நவம்பரில் ஏற்றப்பட்டது.

அலையைச் சமாளித்தாயிற்று. ஆனால் பனிக்கட்டியை யோசிக்கவில்லை, அல்லது போதுமான அளவு யோசிக்கவில்லை. கடுங்குளிர்காலத்தில் விரிகுடாவின் மேல்பாகம் உறையும். பிறகு அது உடைந்து, பெரிய பாளங்களாக நீரோட்டத்தோடு இறங்கி வரும். ஒல்லியான இரும்புக் காலில் அது மோதினால் என்ன ஆகும்? கட்டி இரண்டே ஆண்டில், 1877ல், மோதிய அதிர்ச்சியில் விளக்கின் லென்ஸ் கவிழ்ந்து சேதமானது. இன்னும் தெற்கே இருந்த ஷார்ப்ஸ் ஐலண்ட் விளக்கின் கதை மோசம். 1881 பிப்ரவரியில் பனிப்பாளங்கள் அந்த வீட்டைக் கால்களிலிருந்து பெயர்த்தே விட்டன. உள்ளே இருந்த இரண்டு காவலர்களோடு வீடு மைல்கணக்கில் மிதந்து போய்த் தரை தட்டியது. நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள்.

இதற்கு மாற்றாகச் செய்ததுதான் நம் கதைக்கு முக்கியம். தாமஸ் பாயிண்ட் விளக்கின் காலைச் சுற்றிப் பெரிய பெரிய கற்களைக் கொட்டினார்கள். பனிப்பாளம் காலில் மோதும் முன் கல்லில் மோதி உடையட்டும் என்பதுதான் நோக்கம். அந்தக் கல் இன்றும் அங்கேயே கிடக்கிறது. மீன் அந்தக் கல்லுக்குத்தான் வருகிறது.

விளக்கு 1986ல் தானியங்கி ஆனது. விரிகுடாவில் கடைசி வரை ஆள் தங்கி இருந்த விளக்கு இதுதான். 1999ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். மற்ற திருகுத் தூண் விளக்குகளில் மிஞ்சியவற்றை அருங்காட்சியகங்களுக்கும் துறைமுகங்களுக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். செசபீக்கில் பிறந்த இடத்திலேயே நிற்பது இது ஒன்றுதான்.

கல் இருந்தால் மீன் ஏன் வருகிறது?

தென் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கடலடியில் பாறையோ மேடோ இருக்கும் இடத்தை அங்கே "பார்" என்பார்கள். எந்தப் பாரில் எந்த மீன் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொத்து மாதிரி வரும் அறிவு. தாமஸ் பாயிண்டில் நடந்திருப்பது, பனிக்கட்டிக்குப் பயந்து தெரியாத்தனமாக ஒரு பாரைக் கட்டியதுதான்.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு இருக்கிறது.

முதலாவது, சாப்பாடு. சேற்றுத் தரையில் ஒட்டிக்கொள்ள இடம் இல்லை. கல்லில் சிப்பியும் பாசியும் பிடிக்கும். அதன் இடுக்கில் சின்ன நண்டு, இறால் குஞ்சு, பொடி மீன் எல்லாம் ஒளியும். ஒரு காலத்தில் செசபீக் முழுக்கச் சிப்பித் திட்டுகள் இந்த வேலையைச் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வாரி எடுத்ததிலும், பிறகு வந்த நோயிலும் அவை அழிந்து, பழைய அளவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் மிச்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சுற்றிலும் கெட்டியான தரை இல்லாத ஊரில், ஒரு கல் குவியல் நெடுஞ்சாலை ஓரத்து ஒரே டீக்கடை மாதிரி.

இரண்டாவது, நீரோட்டம். அன்னாபொலிஸ் பக்கம் ஏற்றவற்றம் ஒரு அடி அளவுதான். பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் ஏறும்போது தண்ணீர் வடக்கே போகும், வற்றும்போது தெற்கே. கல்லில் அது மோதும் பக்கம் ஒரு மெத்தை மாதிரி வேகம் குறைந்த இடம் உருவாகும். கல்லின் இரண்டு தோள்களிலும் வேகம் கூடும். பின்பக்கம் சுழல் விழும். பெரிய மீன் வேகமான தண்ணீரில் நின்று சக்தியைச் செலவழிக்காது. மெதுவான இடத்தில் நின்றுகொண்டு, வேகத்தில் தடுமாறி வரும் பொடி மீனை எட்டிப் பிடிக்கும். ஆகவே விளக்கைச் சுற்றி எல்லா இடமும் ஒன்றல்ல. ஓட்டம் இல்லாத நேரத்தில் போனால் வெறும் வேடிக்கைதான். நம் ஊர்க் கடலோரத்தில் நீரோட்டத்துக்கு "நீவாடு" என்று பெயர். நீவாடு பார்க்காமல் போகிறவன் மீன்காரன் இல்லை என்பது அங்கே மட்டும் அல்ல, இங்கேயும் உண்மை.

கோடையில் மூன்றாவதாக ஒரு விஷயமும் சேர்கிறது. உரமும் கழிவும் ஆறுகள் வழியே வந்து பாசி பெருகி, அது செத்து அழுகும்போது அடித்தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். செசபீக்கின் ஆழமான வாய்க்காலில் ஒவ்வொரு கோடையும் இது நடக்கிறது. மேலே போனால் வெந்நீர், கீழே போனால் மூச்சு முட்டும். நடுவே ஒரு மெல்லிய அடுக்கில் மீன் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் மீன் சுலபமாகக் கிடைத்தால் அது நம் திறமை அல்ல, அதற்குப் போக வேறு இடம் இல்லை.

பிடிக்கும் முறை

ரொம்ப நீட்டாமல் சொல்கிறேன்.

இங்கே முக்கியமான மீன் ஸ்ட்ரைப்டு பாஸ். மேரிலாந்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ராக்ஃபிஷ் என்பார்கள். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கருங்கோடு. அடுத்தது வெள்ளை பெர்ச், கையளவு மீன், வறுவலுக்கு அருமை. கோடையில் ஸ்பாட், சில நேரம் புளூஃபிஷ்.

லேசான தூண்டில் போதும். அரை அவுன்ஸ் ஈயத் தலையில் ரப்பர் மீனைக் கோத்து, ஓட்டம் வரும் திசைக்கு மேலே எறிந்து, கல்லின் தோளை ஒட்டித் தண்ணீரே கொண்டுவர விட வேண்டும். நாம் இழுப்பதை விட நீவாடு இழுப்பதுதான் இயல்பாக இருக்கும். கொத்து பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழும், அதனால் நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிர் இரை போட்டு ராக்ஃபிஷ் பிடிப்பதானால் வட்டக் கொக்கி கட்டாயம். அது தொண்டைக்குள் போகாமல் உதட்டோரம் மாட்டும், விடும்போது மீன் பிழைக்கும். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும்.

கயாக்கை நிறுத்தும் விதம்தான் கவனிக்க வேண்டியது. ஓட்டத்துக்கு மேல் பக்கம் நிற்காதீர்கள், அது உங்களைக் கல் மேல் கொண்டுபோய் வைக்கும். கீழ்ப் பக்கம் இருந்து, மூக்கை ஓட்டத்துக்கு எதிரே வைத்து மெல்லத் துடுப்புப் போட்டு நில்லுங்கள். தப்பு நடந்தாலும் விளக்கை விட்டு விலகித்தான் போவீர்கள். நங்கூரம் போட்டே ஆக வேண்டுமென்றால் முன் மூக்கிலிருந்து மட்டும், கையெட்டும் தூரத்தில் கத்தியோடு. பக்கவாட்டில் நங்கூரம் கட்டிய கயாக்கை ஓட்டமே கவிழ்த்துவிடும். இங்கே கல் இடுக்கில் நங்கூரம் சிக்கிக்கொள்வதும் சகஜம், அதனால் நான் போடுவதே இல்லை. விளக்கின் காலில் கயிறு கட்டுவது, மேலே ஏறுவது இரண்டும் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம்.

இன்னொன்று, கப்பல் அலை. கிழக்கே வாய்க்காலில் சரக்குக் கப்பல் ஒன்று சத்தமே இல்லாமல் போகும். "தூரத்துல போகுது, நமக்கென்ன"ன்னு இருப்போம். கப்பல் போய் சில நிமிடம் கழித்து, தண்ணீர் அமைதியாக இருக்கும்போதே, வரிசையாக அலை வரும். ஆழத்தில் வெறும் மேடாக வந்தது திட்டில் ஏறும்போது நிமிர்ந்து உடையும். கப்பலைப் பார்த்தால் கல்லை விட்டு விலகி, மூக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பது நல்லது.

அக்டோபர் காலை: காற்றின் கணக்கு

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அன்று காலை ஆறரை மணிக்கு இறங்கினேன். தண்ணீர் கண்ணாடி. முந்தின இரவு செயலியில் பார்த்தபோது, மதியத்துக்கு மேல் குளிர்காற்று முகப்பு வரும், வடமேற்குக் காற்று 15 நாட் என்று போட்டிருந்தது. பத்து மணிக்குள் கரையேறிவிடுவேன், பிறகென்ன என்று கிளம்பினேன். நான் இறங்கும் இடத்திலிருந்து விளக்கு சுமார் 3 கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் கூட ஆகவில்லை. வற்று நீரோட்டத்தின் கடைசியில் இரண்டு ராக்ஃபிஷ், சில பெர்ச். எட்டரை மணி வாக்கில் ஓட்டம் நின்றது, திரும்பி வடக்கே ஏற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தேன். ஒன்பது மணிக்குக் காற்று வந்தது. மதியம் வர வேண்டியது மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

இங்கே மூன்று விஷயம் ஒன்று சேர்ந்தது.

ஒன்று, திசை. விளக்கிலிருந்து கரை மேற்கே, வடமேற்கே. காற்று அங்கிருந்துதான் வருகிறது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று ரொம்ப ஏமாற்றும். கரையோரம் மரமும் மேடும் மறைப்பதால் தண்ணீர் அமைதியாகவே தெரியும். தள்ளிப் போகப் போகத்தான் அலை வளரும். கரையில் நிற்பவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார், விளக்கடியில் இருப்பவருக்கு வெள்ளை நுரை தெரியும். அது மட்டுமல்ல, களைத்துப்போய்த் துடுப்பை நிறுத்தினால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, விரிகுடா நடுவே கப்பல் பாதைக்குக் கொண்டுபோகும்.

இரண்டு, வேகம். நான் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் போவேன். 3 கிலோமீட்டருக்கு 36 நிமிடம். 15 நாட் எதிர்க்காற்றில் என் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியது. அப்படியானால் 90 நிமிடம். ஆனால் கணக்கு அதோடு நிற்காது. தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் நிறுத்தினால் 20 மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளப்படுவேன். முன்னேறிய தூரத்தை மறுபடி முன்னேற வேண்டும். ஆக இரண்டு மணி நேரம்.

மூன்று, காற்றும் ஓட்டமும் எதிரெதிர். இதை வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 3 நொடிக்கு ஒருமுறை வரும் அலை ஆழமான நீரில் ஏறக்குறைய 14 மீட்டர் நீளம் இருக்கும். அதற்கு நேர் எதிரே நொடிக்கு 0.4 மீட்டர், அதாவது முக்கால் நாட்டுக்குச் சற்று மேல், ஓட்டம் இருந்தால், அலை நீளம் 11 அல்லது 12 மீட்டராகச் சுருங்கும். உயரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இரண்டும் சேர்ந்தால் அலையின் செங்குத்து ஒன்றரை மடங்கு. ஓட்டம் கொஞ்சம்தான், ஆனால் சறுக்கு மேடு சுவராகிறது. திட்டு மேல் ஆழமும் குறைவு என்பதால் அது இன்னும் மோசமாகும். அன்று காற்றும் ஓட்டமும் சரியாக நேருக்கு நேர் இல்லை, சற்றுச் சாய்வாகத்தான் எதிர்த்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

என்னிடம் ரேடியோ இருந்தது. செல்போனும் இருந்தது. இரண்டும் நீர்புகாப் பைக்குள், பை பின்பக்க மூடிக்குள். அந்த அலையில் திரும்பி அதைத் திறக்க முடியாது. திறந்தால் துடுப்பை விட வேண்டும். உதவி கேட்கும் கருவி இருந்தும் உதவி கேட்க முடியாத நிலை. இதுதான் அன்று நான் செய்த பெரிய முட்டாள்தனம், முகப்பு சீக்கிரம் வந்தது அல்ல.

இறங்கிய இடத்தை நேராகக் குறி வைக்காமல், அருகிலுள்ள நிலமான தாமஸ் பாயிண்ட் நுனியைக் குறி வைத்தேன். கரையில் ஒரு மரத்தையும் பின்னால் ஒரு வீட்டுக் கூரையையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டேன். கோடு விலகினால் நான் பக்கவாட்டில் நகர்கிறேன் என்று அர்த்தம். கரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு விட்டுப்போகும், அதனால் நூறு துடுப்பு எண்ணிவிட்டு ஒருமுறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கடைசி அரை கிலோமீட்டரில் நிலத்தின் மறைவு கிடைத்ததும் அலை அப்படியே படுத்துவிட்டது. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பதினொன்றே காலுக்கு மூடியைத் திறந்து போனை எடுத்தபோது வீட்டிலிருந்து ஒன்பது அழைப்பு.

குளிர்ந்த தண்ணீர்

அன்று தண்ணீர் ஓரளவு வெதுவெதுப்பு, கோடையின் சூடு இன்னும் பாக்கி. இதே காற்று ஏப்ரலில் அடித்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். வசந்த காலத்தில் வெயில் 20 டிகிரி செல்சியஸ் தாண்டும், அரைக்கை சட்டை போடத் தோன்றும். தண்ணீர் 10 டிகிரிதான் இருக்கும்.

குளிர்நீரில் என்ன நடக்கும் என்பதற்குக் கனடா ஆராய்ச்சியாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ஒரு எளிய சூத்திரம் உண்டு: 1-10-1. விழுந்ததும் முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இரைக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உள்ளிழுப்போம். அடுத்த 10 நிமிடம் கையும் காலும் சொன்னபடி கேட்கும், அதற்குள் மறுபடி ஏறிவிட வேண்டும். பிறகு விரல் மடங்காது. நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பலரும் நினைப்பது போல உடல் வெப்பம் குறைந்து சாவது கடைசிக் கட்டம். பெரும்பாலோர் அதற்கு முன்னாலேயே, முதல் நிமிடத்திலோ பத்தாவது நிமிடத்திலோ மூழ்கிவிடுகிறார்கள். மிதவைச் சட்டை படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். விழுந்த பிறகு அதை மாட்ட முதல் நிமிடம் விடாது.

படகு வகையைப் பற்றியும் ஒரு வரி. நான் ஓட்டுவது மேலே உட்காரும் கயாக். உள்ளே குழி கிடையாது, ஏறிய தண்ணீர் அடித் துளை வழியே வடிந்துவிடும். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்தால் நம் கட்டுமரம் அதேதான். கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் வரும், போகும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். 1697ல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் இந்தப் படகைப் பற்றி எழுதியிருக்கிறார். கயாக்கிலிருந்து விழுந்து மறுபடி ஏறுவதைக் கரையோரம், இடுப்பளவு நீரில், பத்து முறையாவது பழகிவிட்டு விளக்குக்குப் போங்கள். நான் பழகியிருந்தேன். அன்று பதறாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம்.

மீனின் பக்கத்துக் கணக்கு

இவ்வளவு பாடுபட்டுப் போகிறோம், நாலு மீன் கொண்டுவரக் கூடாதா? முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அட்லாண்டிக் கரையோர ராக்ஃபிஷ்களில் பெரும்பகுதி முட்டையிடுவது செசபீக்கில் சேரும் ஆறுகளில்தான். 1970களின் கடைசியிலும் 80களிலும் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போனதால், மேரிலாந்து 1985ல் பிடிக்கவே தடை போட்டது. 1990ல்தான் விலக்கியது. மீன் திரும்பி வந்தது. மீன்வள மேலாண்மையின் வெற்றிக் கதையாக இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் குஞ்சுகளைக் கணக்கெடுக்கும் ஆய்வு ஒன்று 1954லிருந்து ஒவ்வொரு கோடையும் நடக்கிறது. குறிப்பிட்ட இடங்களில் கரைவலை இழுத்து, ஒரு இழுப்புக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணுவார்கள். நீண்டகால சராசரி 11 அளவு. 2023ல் வந்தது 1.0. 2024ல் 2.0. 2019லிருந்தே தொடர்ந்து சராசரிக்குக் கீழேதான். இன்று நாம் பிடிக்கும் பெரிய மீனுக்குப் பின்னால் வரிசையில் ஆள் இல்லை என்று அர்த்தம். 2024 கோடையில் ஒரு நாளைக்கு ஒரு மீன், அதுவும் 19 முதல் 24 அங்குலத்துக்குள், ஜூலை பிற்பாதியில் குறிவைத்துப் பிடிக்கவே கூடாது என்று விதி வைத்தார்கள். விதி அடிக்கடி மாறுகிறது, போகும் முன் அந்த ஆண்டு விதியைப் பார்த்துவிடுங்கள்.

பிடித்து விட்டாலும் பாதிப்பு இல்லாமல் இல்லை. வெயிலில், வெந்நீரில் போராடிய மீன் நீந்திப் போன மாதிரி தெரியும், பிறகு செத்துப்போகும். அதனால் மேரிலாந்து இயற்கைவளத் துறை கோடையில் கொடி நிறம் அறிவிக்கிறது. காற்று வெப்பம் 90 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஞ்சள், 95ஐத் தொட்டால் சிவப்பு. சிவப்பு நாளில் ராக்ஃபிஷை விட்டுவிடுங்கள் என்பது அறிவுரை. அன்றைக்கு நான் பெர்ச் பிடிப்பேன். விடும் மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே கொக்கியைக் கழற்றலாம். போட்டோ வேண்டாம். ஏற்கெனவே என்னிடம் இருக்கும் போட்டோக்களில் எல்லா மீனும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

இப்போது நான் செய்வது

தாமஸ் பாயிண்ட் விளக்கிலேயே ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. காற்றின் வேகமும் திசையும் இணையத்தில் உடனுக்குடன் வரும். முந்தின இரவுக் கணிப்போடு நிற்காமல், இறங்கும் முன் கரையில் நின்றே அதைப் பார்க்கிறேன். கருவி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் மட்டத்தில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், ஆனால் அலை அந்த உயரத்துக் காற்றைக் கேட்டுத்தான் வளரும். முகப்பு வடமேற்கிலிருந்து வருவதால் பால்டிமோர் பக்கத்து அளவையும் பார்க்கிறேன். அங்கே காற்று திரும்பிவிட்டால் நமக்கு அதிக நேரம் இல்லை.

10 நாட்டுக்கு மேல் மேற்கு, வடமேற்குக் காற்று கணிப்பில் இருந்தால், அது எத்தனை மணிக்கு என்று போட்டிருந்தாலும், அன்று ஆற்று முகத்துவாரத்தோடு சரி. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் நீர்புகா உடை இல்லாமல் விளக்குப் பக்கம் போவதில்லை. ரேடியோவை மிதவைச் சட்டையிலேயே மாட்டியிருக்கிறேன், அலைவரிசை 16ல். விசிலும் அங்கேயே. எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி தாண்டினால் கடலோரக் காவல்படையைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு நேரமும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறேன்.

அந்தக் காகிதம் வந்த பிறகு, இவ்வளவு ஏற்பாடா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. போன வாரம் நான் கிளம்பும்போது, ஒட்ட மறந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மகள் வாசல் வரை வந்தாள். "இதுல ரெண்டாவது நேரம் எழுதலையே" என்றாள். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.